முடிவுநாள் குறித்துக்கொண்ட அறக்கட்டளை

சோழர் காலக் கல்வெட்டுகளை மாணவர்களுக்குப் பாடம் சொல்லும்போதெல்லாம் ஒரு தொடரில் சற்று நின்றுவிடுவது என் வழக்கம். கோயிலில் நொந்தா விளக்கு எரிப்பதற்காக விடப்பட்ட ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டு குறிக்கும். ஆடு சாகாதா, மூப்படையாதா என்று மாணவர்கள் சிரிப்பார்கள். சாகும் ஆட்டைப் பிறக்கும் குட்டி ஈடுசெய்யும், எண்ணிக்கை குறையாது, ஆகவே முதல் அழியாது என்பதே அதன் பொருள். சந்திராதித்தவரை, அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை அறம் நிற்கவேண்டும் என்பது கொடுத்தவரின் விருப்பம். அறக்கட்டளை என்றாலே முதலைத் தொடாமல் வட்டியில் நடப்பது என்னும் எண்ணம் நம்மிடம் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, தம் அறக்கட்டளை குறித்த காலத்துக்குள் முழுவதும் செலவாகித் தீரவேண்டும் என்று எழுதிக்கொடுத்த ஒருவர் இருந்தார். அவர் அமெரிக்காவின் சிகாகோ நகர வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்ட்.

ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் 1862இல் பிறந்தவர் ரோசன்வால்ட். உயர்நிலைப் பள்ளியையே முடிக்காமல் துணி வணிகத்தில் இறங்கினார். 1895இல் சியர்ஸ் ரோபக் என்னும் அஞ்சல்வழி விற்பனை நிறுவனத்தில் பங்குதாரராகிப் பின்னர் அதன் தலைவருமானார், பெருஞ்செல்வமும் சேர்ந்தது. அடிமையாகப் பிறந்து கல்வியாளராக உயர்ந்த புக்கர் டி. வாஷிங்டனின் தன்வரலாற்றைப் படித்தது அவர் வாழ்வில் ஒரு திருப்பம். 1911இல் இருவரும் சந்தித்தனர். மறு ஆண்டு தம் ஐம்பதாம் பிறந்தநாளையொட்டி, வாஷிங்டன் நடத்திய டஸ்கிகி கல்விநிலையத்தின் வழிவந்த பள்ளிகளுக்காக ரோசன்வால்ட் 25,000 டாலர் கொடுத்தார். அதில் மிஞ்சிய சிறுதொகையில் அலபாமா மாநிலக் கிராமங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்கு ஆறு பள்ளிகள் கட்டலாமா என்று வாஷிங்டன் கேட்டார், ரோசன்வால்ட் இசைந்தார். பெரும்பணி ஒன்று இவ்வாறு மீதிப் பணத்தில் தொடங்கியது.

வாஷிங்டன் 1915இல் மறைந்தார். 1917இல் ஜூலியஸ் ரோசன்வால்ட் நிதியம் சிகாகோவில் பதிவு செய்யப்பட்டது. முதல் பத்தாண்டுகள் அது முற்றிலும் குடும்பக் காரியமாகவே நடந்தது, குடும்பத்தாரே அறங்காவலர்கள். கொடுக்கும் முறை மட்டும் கறாரானது. நிதியம் முழுச்செலவையும் ஏற்காது. ஊரிலுள்ள கறுப்பின மக்கள் பணமாகவோ நிலமாகவோ உடலுழைப்பாகவோ தம் பங்கைத் தரவேண்டும். அரசுக் கல்வித்துறையும் தன் பங்கைத் தந்து, கட்டடத்தைப் பொதுப்பள்ளியாக ஏற்று நடத்தவேண்டும். குத்தகை உழவர்கள் சிலர் பருத்தி வயலில் ஒரு பகுதியைப் பள்ளிக்கென்றே ஒதுக்கி விளைவித்தனர்.

1932இல் இத்திட்டம் முடிந்தபோது 15 தென்மாநிலங்களில் 4,977 பள்ளிகளும், ஆசிரியர் குடியிருப்புகள், தொழிற்பயிற்சிக் கூடங்கள் ஆகியவற்றையும் சேர்த்தால் 5,357 கட்டடங்களும் எழுந்திருந்தன. மொத்தச் செலவு சுமார் 2 கோடியே 84 லட்சம் டாலர். நிதியம் கொடுத்தது ஏறத்தாழ 43 லட்சம். கறுப்பின மக்கள் கொடுத்தது 47 லட்சத்துக்கும் மேல். எஞ்சியதில் பெரும்பகுதி வரிப்பணம். கோடீசுவரரைக் காட்டிலும் குத்தகை உழவர்களும் வீட்டுப் பணியாளர்களும் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

இதில் ஒரு நெருடலும் உண்டு. அம்மக்கள் ஏற்கெனவே வரி செலுத்தியவர்கள். அந்த வரியின் பெரும்பங்கு வெள்ளையர் பள்ளிகளுக்கே போயிற்று. தம் பிள்ளைகளின் பள்ளிக்காக அவர்கள் மீண்டும் கொடுக்க நேர்ந்ததை இரட்டை வரி என்றே வரலாற்றாசிரியர்கள் கண்டித்திருக்கின்றனர். நிறப்பிரிவினையை எதிர்க்காமல் அதற்குள்ளேயே நின்று உதவிய அறம் இது என்பதும் உண்மை. ஆயினும் அப்பள்ளிகளில் படித்தவர்களில் எழுத்தாளர் மாயா ஏஞ்சலோவும், பின்னாளில் அந்தப் பிரிவினையையே எதிர்த்துப் போராடிய ஜான் லூயிஸும் உண்டு.

1928இல் நிதியம் மாற்றியமைக்கப்பட்டது. குடும்பத்தின் பிடி தளர்ந்து, எட்வின் எம்பிரீ என்னும் நிர்வாகி தலைவரானார். மகன் லெஸ்ஸிங்கும் மருமகன் எட்கர் ஸ்டெர்னும் அறங்காவலர்களாகத் தொடர்ந்தனர். அப்போது ரோசன்வால்ட் இட்ட நிபந்தனைதான் நம் பேச்சுக்குப் பொருள்: தாம் இறந்த 25 ஆண்டுகளுக்குள் வட்டி மட்டுமின்றி முதலும் செலவழிந்துவிட வேண்டும். தம் கருத்தை 1929இல் அட்லாண்டிக் மாத இதழில் கட்டுரையாகவும் எழுதினார். வருங்காலத் தலைமுறையின் தேவை என்னவென்று இன்றிருப்பவர் அறியமாட்டார். அத்தலைமுறை தன் அறத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். அழியாத முதல் நாளடைவில் நிர்வாகிகளைத் தயங்கவைத்து வேலையைச் சடங்காக்கிவிடும் என்பது அவர் வாதம்.

இந்த வாதத்துக்கு விரைவிலேயே கடும் சோதனை வந்தது. நிதியத்தின் சொத்து பெரும்பாலும் சியர்ஸ் பங்குகளாகவே இருந்தது. 1929இல் பங்குச்சந்தை சரிந்தபோது அதுவும் சரிந்தது. ரோசன்வால்ட் 1932 ஜனவரியில் இறந்தார். கைவிட நேர்ந்த பணிகளில் ஒன்று, தென்மாநில மாவட்டங்கள் சிலவற்றில் அரசுப் பொதுச் சுகாதாரத் துறையோடு சேர்ந்து நடத்திய மேகநோய் ஒழிப்புத் திட்டம். நிதியம் விலகியபின், அம்மாவட்டங்களுள் ஒன்றான மேக்கனில் 1932இல் அத்துறை தன் இழிபுகழ் பெற்ற ஆய்வைத் தொடங்கியது. நோயுற்ற கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமலே நோயின் போக்கைக் கவனித்த அந்த ஆய்வு 1972வரை நீடித்தது. அந்தக் குற்றம் அரசுத் துறையினுடையது, நிதியத்தினுடையது ஆகாது. ஆயினும் கொடை பாதியில் நின்ற இடத்தில் எது நுழையும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று எனக்குத் தெரியவில்லை. நிரந்தர முதலை வேண்டுவோர் பக்கமும் நியாயம் உண்டு என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நம் போன்ற இலக்கிய வாசகர்கள் இந்த நிதியத்தை மறக்கவியலாததற்கு வேறொரு காரணம் உண்டு. 1928 முதல் 1948 வரை அது தனியாட்களுக்கு நல்கைகள் வழங்கியது. லாங்ஸ்டன் ஹியூஸ் 1931இல் பெற்ற 1,000 டாலரில் ஒரு ஃபோர்டு கார் வாங்கித் தென்மாநிலங்களெங்கும் சென்று கவிதை வாசித்தார். டு பாய்ஸ் தம் பெரும் வரலாற்று நூலுக்கு உதவி பெற்றார். ஜேக்கப் லாரன்ஸ் கறுப்பின மக்களின் இடப்பெயர்வைச் சித்திரிக்கும் 60 ஓவியங்களைத் தீட்டியது இந்நல்கையால்தான். ரால்ஃப் எலிசன் 1945இல் பெற்றார். அவருடைய 'இன்விசிபிள் மேன்' நாவல் 1952இல் வெளிவந்தபோது நிதியம் மூடப்பட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆம், 25 ஆண்டுக் கெடு இருந்தும் 16 ஆண்டுகளிலேயே, 1948இல், எல்லாம் கொடுத்து முடிக்கப்பட்டது. அவ்வாண்டில் நல்கை பெற்றவர்களுள் இருபத்து மூன்று வயதான ஜேம்ஸ் பால்ட்வினும் ஒருவர். அதில் மீந்த பணத்தில் பாரிசுக்குப் பயணச்சீட்டு வாங்கி நவம்பரில் புறப்பட்டார். அவருடைய முதல் நாவல் 1953இல் வந்தது. மீதிப் பணத்தில் எழுந்த ஆறு பள்ளிகளோடு தொடங்கிய கதை, மீதிப் பணத்தில் வாங்கிய ஒரு பயணச்சீட்டோடு முடிகிறது.

நம் கோயில் சுவர்களில் சாவா மூவாப் பேராடுகள் எழுத்தில் இன்றும் இருக்கின்றன. அவற்றின் நெய்யில் எரிந்த விளக்குகள் பலவும் எப்போதோ அணைந்துவிட்டன. இன்று அறக்கட்டளை தொடங்க எண்ணும் குடும்பங்கள், எவ்வளவு காலம் நிற்கவேண்டும் என்பதோடு, எப்போது முடித்துக்கொள்வது என்பதையும் பத்திரத்தில் எழுதும் முன் யோசிக்கலாம். முடிக்கும்போது யாரையும் நடுவழியில் விட்டுவிடாமல் முடிப்பது எப்படி என்பதையும் சேர்த்தே யோசிக்கவேண்டும்.