விக்மோர் வீதி ஏலம்

கடையை மூடுகின்றோம், இருப்பவை யாவும் வந்த விலைக்கு விற்கப்படும் என்று ஒரு பலகை தொங்கினால், என்றும் அவ்வழியால் திரும்பிப் பாராமற் போகின்றவரும் அன்று சற்றே நின்று பார்ப்பார். புடைவையோ பாத்திரமோ ஆனால் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஏமாந்தாலும் நட்டம் சிறிது. விற்பனைக்கு நிற்பது ஒரு கிராண்ட் பியானோவாயின் யோசனை நீளும். அதன் விலை ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு. வைப்பதற்கு ஓர் அறை வேண்டும். தூக்குவதற்குப் பல ஆட்கள் வேண்டும். சுருதி கூட்டுவதற்குத் தேர்ந்த ஒருவர் தவறாது வரவேண்டும். விற்றவரோ நாளை அந்தக் கடையில் இருக்கமாட்டார். அதையும் பலகையே சொல்லிவிடுகின்றது. இத்தகைய இறுதி விற்பனைகளுள் வரலாற்றிற் பேர்பெற்ற ஒன்று 1916ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் விக்மோர் வீதியில் நடைபெற்றது.

அதன் கதைக்குப் போகுமுன், விற்கப்பட்ட பொருள் எத்தகையது என்று அறிதல் நன்று. பியானோவை ஆக்கியவர் பார்த்தலோமியோ கிறிஸ்தோபோரி என்னும் இத்தாலியர். புளோரன்ஸ் நகரில் மெடிச்சி இளவரசரின் இசைக்கருவிகளைப் பராமரித்தவர் அவர். அவருடைய புதிய கருவி 1700ஆம் ஆண்டின் இருப்புப் பட்டியல் ஒன்றிலே குறிக்கப்பட்டுள்ளது. அதற்கு முந்திய ஹார்ப்சிகார்ட் என்னும் கருவியிலே தந்திகள் மீட்டப்பட்டன. விரலை மெல்ல வைத்தாலும் ஓங்கி வைத்தாலும் ஒலி ஏறக்குறைய ஒன்றே. கிறிஸ்தோபோரி சிறு சுத்தியல்கள் தந்தியை அடிக்குமாறு செய்தார். அடி மெலிந்தால் ஒலி மெலிந்தது. அடி வலுத்தால் ஒலி வலுத்தது. பின்வந்தோர் இன்னும் பெரிய ஒலியை விரும்பித் தந்திகளைத் தடிப்பாக்கினர், இழுவையைக் கூட்டினர். மரச்சட்டம் அதைத் தாங்கவில்லை. 1825ஆம் ஆண்டு பொஸ்டன் நகரத்து அல்பியஸ் பாப்கொக் சதுரப் பியானோவுக்கு ஒரே வார்ப்பான இரும்புச் சட்டம் அமைத்தார். 1843இல் அதே நகரத்து ஜோனாஸ் சிக்கரிங் கிராண்ட் பியானோவுக்கும் அதனை அமைத்து உரிமை பெற்றார். இன்றைய கிராண்ட் பியானோவில் 88 கட்டைகளும் இருநூறுக்கு மேற்பட்ட தந்திகளும் உள்ளன. அத்தந்திகள் யாவும் சேர்ந்து இழுக்கும் இழுவை ஏறக்குறைய 20 தொன்.

இந்த இழுவையே பியானோவின் பலம். அதன் நோயும் இதுவே. சிறந்ததொரு வயலின் நல்ல கைகளில் இருந்தால் இருநூறு ஆண்டு சென்ற பின்னும் விலை ஏறும். பியானோ அப்படியன்று. இரும்பு தாங்கி நிற்க, மரம் நாளடைவில் தளர்கின்றது. சுருதியாணிகள் பதிந்திருக்கும் பலகை வெடித்தால் ஆணிகள் பிடிமானம் இழக்கும். காலையிற் கூட்டிய சுருதி மாலையில் நிற்காது. ஒலிப்பலகை தன் வளைவை இழந்தால் நாதம் வற்றிப்போகும். சுத்தியல்களைப் போர்த்திருக்கும் கம்பளம் அடிபட்டு அடிபட்டுக் கல்லாகும். இவ்வளவும் நிகழ்ந்த பின்னரும் வெளியே மெருகு மின்னிக்கொண்டிருக்கும்! மூடியில் பொறித்த பெயரை நம்பலாமெனில், அதிலும் ஒரு கண்ணி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்காவில் யோசேப்பு ஹேல் என்னும் உற்பத்தியாளர், வியாபாரி எந்தப் பெயரைக் கேட்டாரோ அந்தப் பெயரையே எழுதி மலிவான பியானோக்களை அனுப்பிவைத்தார்.

இவ்வளவு இருந்தும் பியானோ வாங்க மக்கள் முந்தினர். ஐரோப்பாவின் நடுத்தர வீடுகளில் அது இசைக்கருவி மாத்திரமன்று. குடும்பத்தின் நிலையை விருந்தினருக்கு அறிவிக்கும் சாட்சியும் அதுவே. கைப்பணம் இல்லாதார் தவணைக்கு வாங்கினர். 1892ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒருவர் மாதம் 10 சிலிங் 6 பென்சு வீதம் 36 மாதம் செலுத்தும் ஒப்பந்தத்தில் பியானோ ஒன்றை எடுத்தார். சில மாதங்களிலேயே அதை அடகுகடையில் வைத்துவிட்டார். பியானோ யாருக்குரியது என்ற வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. தவணை முடியும்வரை அவர் வாடகைக்காரரே, வாங்கியவர் அல்லர். ஆகவே கருவி உடையவருக்கே மீளும் என்று 1895இல் தீர்ப்பாயிற்று. தவணை முறை வாணிகத்தின் சட்ட அடிப்படை உறுதிப்பட்டது ஒரு பியானோவினாலே என்பது பலர் அறியாத செய்தி.

இனி விக்மோர் வீதிக்கு வருவோம். கார்ல் பெக்ஸ்டைன் என்பவர் பேர்லின் நகரிலே 1853ஆம் ஆண்டு பியானோத் தொழிலைத் தொடங்கினார். நியூயோர்க்கில் ஸ்ரைன்வே நிறுவனமும், லைப்சிக் நகரில் புளூத்னர் நிறுவனமும் பிறந்தது அதே ஆண்டிலேதான். 1857இல் லிஸ்ற்றின் பெரும் சொனாற்றாவை ஹான்ஸ் பொன் பூலோ பேர்லினில் முதன்முதல் அரங்கேற்றியது பெக்ஸ்டைனின் கிராண்ட் பியானோவிலே. அன்று முதல் வித்துவான்கள் அந்தப் பெயரை நாடினர். ஆங்கிலேய அரண்மனையின் ஆதரவும் கிடைத்தது. ஜேர்மனிக்கு வெளியே அந்நிறுவனத்துக்கு இலண்டனைப் போன்ற சந்தை வேறில்லை. தன் காட்சிசாலைக்கு அருகிலே அது ஓர் இசைமண்டபத்தையும் கட்டியது. தோமஸ் கொல்கட் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்த அம்மண்டபம் 1901ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் திறக்கப்பட்டது. அன்று பியானோ வாசித்தவர் புசோனி. வயலின் வாசித்தவர் இசாயி. ஏறக்குறைய 550 பேர் அமரும் சிறிய மண்டபமே எனினும், மெல்லிய ஓசையும் கடைசி வரிசை வரை தெளிவாகச் செல்லும் என்று புகழ்பெற்றது.

1914இல் மகாயுத்தம் மூண்டது. ஜேர்மானியப் பெயர் தாங்கிய கடை ஒவ்வொன்றும் பகைவரின் கோட்டை போலத் தோன்றலாயிற்று. 1915 மே மாதம் லுசித்தானியா என்னும் பயணிகள் கப்பல் மூழ்கடிக்கப்பட்ட பின்னர், இலண்டனில் ஜேர்மானியர் கடைகளைக் கூட்டத்தினர் உடைத்துச் சூறையாடினர். அவ்வாண்டின் வரவுசெலவுத் திட்டத்திலே, வெளிநாட்டிலிருந்து வரும் மோட்டார் வண்டி, கடிகாரம் ஆகியவற்றோடு இசைக்கருவிகளுக்கும் விலையில் மூன்றிலொரு பங்கு தீர்வை விதிக்கப்பட்டது. 1916இல் நிறைவேறிய சட்டமோ, பகைவர் வாணிகங்களைக் கலைத்து விற்கும் அதிகாரத்தை வர்த்தக சபைக்கு வழங்கியது. அரச குடும்பமே அப்பொழுது ஜேர்மானியப் பெயரைத்தான் தாங்கியிருந்தது; வின்சர் என்ற பெயர் வந்தது 1917இல். அரசருக்குப் பெயரை மாற்றிக்கொள்ள வழி இருந்தது. பெக்ஸ்டைனுக்கு அந்த வழி இல்லை.

அவ்வாண்டே ஏலம் நடந்தது. மண்டபம், காட்சிசாலை, அலுவலகங்கள், பண்டசாலைகள், அவற்றோடு 137 பியானோக்கள் எல்லாம் 56,500 பவுணுக்குப் போயின. மண்டபத்தின் பெறுமதி மாத்திரம் 100,000 பவுண் என மதிக்கப்பட்டிருந்தது. வாங்கியவர் இசைத்தொழிலைச் சேர்ந்தவரும் அல்லர். 1778ஆம் ஆண்டு அதே வீதியிலே புடைவைக் கடையாகத் தொடங்கி வளர்ந்த டெபன்ஹாம்ஸ் நிறுவனத்தாரே அவர்கள்.

அந்நாளில் அந்த 137இல் ஒன்றை வாங்கலாமா என்று நினைத்த ஓர் இலண்டன்வாசியின் மனத்தை எண்ணிப் பார்க்கலாம். விலை அவரை அழைக்கும். ஆனால், உறுப்பொன்று கெட்டால் பேர்லினிலிருந்து வேறு வராது. செய்தவர் கொடுத்த உறுதிமொழி செய்தவரோடே போய்விட்டது. அயலவர் சன்னலால் எட்டிப் பார்த்து, பகைவன் பெயர் பொறித்த பெட்டியை நடுவீட்டில் வைத்திருப்பவர் என்று பேசுவர். மகனைப் போர்க்களத்துக்கு அனுப்பிய வீடாயின் அந்தப் பேச்சு இன்னும் சுடும். இவை புறக்கணிக்கத்தக்க காரணங்கள் அல்ல. எனினும், சட்டம் நிறைவேறியதனால் எந்த ஒலிப்பலகையும் வெடிக்கவில்லை. எந்த ஆணியும் நழுவவில்லை. 1914இல் வித்துவான்கள் தேடிச்சென்ற அதே கருவியே 1916இல் ஏலத்தில் நின்றது. விலை வீழ்ந்தது செய்தவரின் நாட்டினால். செய்த வேலையினால் அன்று. பொறுமையாக மூடியைத் திறந்து, ஒவ்வொரு கட்டையையும் அழுத்திப் பார்த்து, பியானோ அறிந்த ஒருவரையும் உடன் அழைத்துச் சென்று வாங்கியவர் எவரேனும் இருந்தால் அவருக்கு நட்டம் வந்திருக்க நியாயமில்லை.

எல்லா இறுதி விற்பனையும் இப்படிப்பட்டதன்று. அமெரிக்காவின் கதை வேறு. அங்கே 1909ஆம் ஆண்டு ஒன்றிலேயே 364,545 பியானோக்கள் செய்யப்பட்டன. 1920களின் தொடக்கத்தில் விற்பனையானவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை துளையிட்ட கடதாசிச் சுருளைக் கொண்டு தாமே வாசிக்கும் பியானோக்கள். வாங்கியவருக்கு விரல் பயிற்சி வேண்டியதில்லை. கையாற் பழகாத இசையை வேறொரு பெட்டி இன்னும் மலிவாகத் தந்தபோது அவர்கள் அப்பெட்டிக்கு மாறினர். அந்தப் பெட்டி வானொலி. நேயர்கள் பொறுத்தருள வேண்டும். வானொலியும் கிராமபோனும் தொடங்கியதைப் பொருளாதார மந்தம் முடித்து வைத்தது. சிக்கரிங், நாபே முதலிய பழம்பெயர்களைத் தன்னகத்தே கொண்டிருந்த அமெரிக்கன் பியானோக் கம்பனி 1929 திசம்பரில் கடன் நிருவாகத்தின் கீழ் வந்தது. 1932இல் தன் போட்டியாளரான ஏயோலியன் கம்பனியோடு இணைந்தது. பெயர்கள் மறையவில்லை. பொஸ்டனில் பிறந்த சிக்கரிங் என்ற பெயர் நியூயோர்க் மாநிலத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஆக்கப்பட்ட கருவிகளின் மேல் எழுதப்பட்டது. இங்கே வாங்குபவர் கேட்கவேண்டிய கேள்வி, எந்த ஆண்டு, எந்த ஆலையில் என்பதே. விக்மோர் வீதியில் பெயர் பழிக்கப்பட்டுப் பொருள் நன்றாயிருந்தது. அமெரிக்காவில் பெயர் போற்றப்பட்டுப் பொருள் மாறியிருந்தது. பின்னையதே அபாயம் மிக்கது, ஏனெனில் அங்கே வாங்குபவரை எச்சரிக்க அயலவர் பேச்சுக்கூட இல்லை.

பெக்ஸ்டைன் நிறுவனம் அந்த அடியிலிருந்து பழைய நிலைக்கு எளிதில் மீளவில்லை. 1920களில் அக்குடும்பத்து மருமகள் ஹெலேனா ஹிட்லருக்குப் பேராதரவு அளித்தார். 1916இல் அநியாயம் இழைக்கப்பட்ட பெயர் என்பதற்காக இதனைச் சொல்லாமல் விடுதல் தகாது. இரண்டாவது மகாயுத்தத்தில் பேர்லின் ஆலை குண்டுவீச்சுக்கு இரையாயிற்று. 1963இல் நிறுவனத்தை அமெரிக்கப் பியானோ நிறுவனமான போல்ட்வின் வாங்கியது. 1986இல் அது மீண்டும் ஒரு ஜேர்மானியர் கைக்கு வந்தது. போல்ட்வின் நிறுவனமோ 2001இல் தானே முறிவடைந்தது.

ஏலத்தில் போன மண்டபம் 1917இல் விக்மோர் மண்டபம் என்ற புதுப்பெயரோடு திறக்கப்பட்டது. சிறு குழு இசைக்கு உலகில் அதற்கு நிகரானவை சிலவே. அதனை வாங்கிய டெபன்ஹாம்ஸ் நிறுவனம் நூறாண்டுக்கு மேல் செழித்திருந்து, பின்னர் தானே கடன்பட்டு, நாடெங்கும் இறுதி விற்பனைப் பலகை தொங்கவிட்டு, 2021 மே மாதம் தன் கடைசிக் கடைகளையும் மூடியது. பெயரையும் இணையக் கடையையும் மட்டும் மற்றொரு புடைவை வியாபார நிறுவனம் 5 கோடி 50 இலட்சம் பவுணுக்கு வாங்கிக்கொண்டது. 2024இல் பெக்ஸ்டைன் நிறுவனத்தார் விக்மோர் வீதிக்குத் திரும்பி வந்து, தாம் இழந்த மண்டபத்திலிருந்து சிறிது தூரத்தில் புதிய இசைமண்டபம் ஒன்றைத் திறந்தனர். அதற்குப் பெக்ஸ்டைன் மண்டபம் என்ற பழைய பெயரையே இட்டனர்.