வானத்துக் கடிகாரமும் உதகை மலையும்



தராசின் அருமையைத் தோட்டத்து மக்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலை நிறுக்கும் தராசு ஒரு பக்கம் சாய்ந்தால், விடியற்காலை முதல் உழைத்த உழைப்பின் கணக்கே சாய்ந்துவிடும். ஆகவேதான் தராசைச் சரிபார்க்க முத்திரையிட்ட எடைக்கல் வேண்டும் என்கிறோம். பெரும் பொருட்செலவில் விண்ணுக்கு அனுப்பும் கருவிக்கும் இதே விதிதான். ஆனால் அங்கே எடைக்கல்லுக்கு எங்கே போவது? வானமே அதைத் தந்திருக்கிறது. அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

கடாரம் கொண்ட இராஜேந்திர சோழன் மறைந்து பத்து ஆண்டுகள் கழிந்த காலம். 1054ஆம் ஆண்டு ஜூலை மாதம், ரிஷப ராசியில் திடீரென ஒரு புதிய விண்மீன் தோன்றியதைச் சீன நாட்டு வானநூலார் கண்டு எழுதி வைத்தனர். 23 நாட்கள் அது பட்டப்பகலிலேயே தெரிந்தது. இரவில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தெரிந்து, பிறகு கண்ணுக்கு மறைந்தது. உண்மையில் அது ஒரு பெரிய விண்மீன் வெடித்துச் சிதறிய காட்சி. சிதறிய புகைமண்டலத்தை இன்று நண்டு நெபுலா என்கிறார்கள். அது சுமார் 6,500 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது.

வெடித்த விண்மீனின் நடுப்பகுதி அழியவில்லை. 1967இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி முதல் துடிவிண்மீனைக் கண்டறிந்தார். மறு ஆண்டே நண்டு நெபுலாவின் நடுவிலும் ஒரு துடிவிண்மீன் இருப்பது தெரிந்தது. அதன் குறுக்களவு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ரவாங்கிலிருந்து கோலாலம்பூர் போகும் தூரம்கூட இல்லை. ஆயினும் நம் சூரியனைவிட எடை மிக்கது; ஒரு விநாடிக்குச் சுமார் 30 முறை சுழல்கிறது. கோலசிலாங்கூர் மெலாவத்திக் குன்றிலுள்ள கலங்கரை விளக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விளக்கு சுழலும்போது வெளிச்சம் நம் பக்கம் வந்து வந்து போவதுபோல், இதன் கதிர்களும் முறைப்படி வந்து போகின்றன. ரேடியோ அலை, ஒளி, எக்ஸ் கதிர், காமாக் கதிர் எல்லாம் இந்த ஒரே விளக்கிலிருந்து வருகின்றன.

இவற்றுள் எக்ஸ் கதிரைப் பூமியின் காற்றுமண்டலம் தடுத்துவிடும். எனவே கருவி விண்ணுக்குப் போயாக வேண்டும். 2015ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் அஸ்ட்ரோசாட் என்னும் செயற்கைக்கோள் ஏறியது. அதில் சி.இசட்.டி.ஐ. என்னும் எக்ஸ் கதிர்க் கருவி இருந்தது. ஒவ்வொரு கதிர்த்துகளும் வந்து விழும் நேரத்தை அது குறித்துக்கொள்ளும். அந்தக் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா? 650 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறிப்போய் யார் பார்ப்பது?

இங்குதான் உதகமண்டலம் வருகிறது. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த நீலகிரியில், முத்தொரை என்னும் இடத்தில், கோவிந்த் ஸ்வரூப் என்ற அறிஞரின் தலைமையில் அமைந்த ரேடியோ தொலைநோக்கி 1970இல் இயங்கத் தொடங்கியது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். உதகையின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. அதே சாய்வுள்ள மலைச்சரிவைத் தேர்ந்தெடுத்து அதன்மேல் கட்டினார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே அச்சில் திருப்பி ஒரு விண்மீனைப் பல மணி நேரம் தொடர முடிந்தது. மலையின் சாய்வையே கருவியின் உறுப்பாக்கிய அந்த யோசனையை நாம் மெச்சத்தான் வேண்டும்.

நண்டுத் துடிவிண்மீனை மேலிருந்து அஸ்ட்ரோசாட்டும், கீழிருந்து உதகைத் தொலைநோக்கியும், புனே அருகிலுள்ள ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கியும் கவனித்தன. கீழிருந்து பார்ப்பது ஏன்? இந்த வானத்துக் கடிகாரம் மெல்ல மெல்லத் தளர்கிறது. அதன் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம், நாளொன்றுக்கு ஒரு விநாடியின் நூறு கோடியில் சுமார் 36 பங்கு கூடுகிறது. சில வேளைகளில் திடீரென வேகமும் மாறும். ஆகவே எடைக்கல்லின் எடையையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ரேடியோ அலைகளோ விண்வெளியிலுள்ள மின்னணுக்களால் வழியில் சற்றுத் தாமதப்படும். வெவ்வேறு அலைவரிசைகளில் பார்த்து அந்தத் தாமதத்தைக் கணக்கிட்டுக் கழித்தார்கள். அமெரிக்காவின் ஃபெர்மி என்ற காமாக் கதிர்ச் செயற்கைக்கோளின் பதிவுகளோடும் ஒப்பிட்டார்கள்.

முடிவு 2018இல் வெளிவந்தது. ஜி.எம்.ஆர்.டி.யின் நேரத்துக்கும் சி.இசட்.டி.ஐ.யின் நேரத்துக்கும் இடையே, ஆயிரத்தில் ஐந்து விநாடிக்குச் சற்றுக் குறைவான வேறுபாடு இருந்தது. கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவுதானே என்று தள்ளிவிட முடியாது. அந்தத் துடிவிண்மீன் அதற்குள் தன் சுற்றில் ஏழில் ஒரு பங்கைக் கடந்துவிடும்! திருத்தாமல் விட்டால், விண்மீனின் எந்தப் பகுதியிலிருந்து எந்தக் கதிர் புறப்பட்டது என்ற கணக்கே தவறிப்போகும். வேறுபாடு மாறாத அளவாக இருந்ததால், அதைக் கழித்துவிட்டு நம்பிக்கையோடு பயன்படுத்த வழி பிறந்தது.

நேயர்களே, விலை உயர்ந்த கருவி என்பதற்காக அறிஞர்கள் அதன் சொல்லை அப்படியே ஏற்கவில்லை. இரண்டு மூன்று சாட்சிகளைக் கேட்ட பிறகே ஏற்றார்கள். உங்கள் பிள்ளைகள் அளவையைப் பற்றிக் கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். உடனிருந்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். டிசம்பர், ஜனவரி மாதங்களில் மழை ஓய்ந்த இரவொன்றில் ரிஷப ராசியை அவர்களுக்குக் காட்டுங்கள். நண்டு நெபுலா வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அது இருக்கும் திசையையாவது அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.