கையெழுத்திட மறுத்த கர்தினால்

1936 ஜூலையில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. குடியரசுத் தரப்பின் பிடியிலிருந்த ஊர்களில் தேவாலயங்கள் எரிந்தன. போர் முடிவதற்குள் அங்கே கொல்லப்பட்ட குருக்கள், துறவியர், கன்னியர் ஏறத்தாழ 6,800 பேர். அவர்களில் 13 பேர் ஆயர்கள். பலர், அரசியல் பக்கமே தலைவைக்காத கிராமத்துப் பங்குச் சாமியார்கள். இந்த ரத்தத்தை மறைத்துவிட்டு மேற்கொண்டு பேசுவது நியாயமாகாது.

இத்தனை உயிரைப் பறிகொடுத்த திருச்சபையின் மீது மக்களுக்கு இரக்கம் பெருகியிருக்க வேண்டும். அந்த இரக்கத்தை அதன் தலைவர்களே வீணடித்தார்கள்.

1936 செப்டம்பரில் சலமாங்கா ஆயர் பிளா இ டெனியேல், குடியரசை எதிர்த்துக் கிளர்ந்த தளபதி ஃபிராங்கோவின் போரைச் 'சிலுவைப்போர்' என்று சுற்றுமடலில் எழுதினார். அடுத்த ஆண்டு, ஃபிராங்கோ கேட்டுக்கொண்டபடி, டொலேடோ பேராயர் கர்தினால் கோமா ஒரு கூட்டுக் கடிதம் தயாரித்தார். உலகத்து ஆயர்களுக்கெல்லாம் ஃபிராங்கோ தரப்பின் நியாயத்தை எடுத்துச் சொன்ன கடிதம் அது. ஸ்பெயின் ஆயர்களில் மிகப் பெரும்பாலோர் கையெழுத்திட்டார்கள்.

தர்ரகோனா பேராயர் கர்தினால் விடால் இ பர்ரகேர் மறுத்தார். குடியரசுத் தரப்பின் ஆயுதக் குழுவிடம் அகப்பட்டு, கத்தலோனியப் பிராந்திய அரசு தலையிட்டதால் உயிர் தப்பியவர் அவர். அவருடைய துணை ஆயர் போர்ராஸ் அந்தத் தரப்பினராலேயே கொல்லப்பட்டிருந்தார். பழிதீர்க்க எல்லாக் காரணமும் இருந்தும், திருச்சபை ஒரு படையின் கட்சியாகக் கூடாது என்று நின்றார் அந்த மனிதர். விட்டோரியா ஆயர் முகிகாவும் கையெழுத்திடவில்லை. அவருடைய மறைமாவட்டத்தின் பாஸ்க் குருக்கள் சிலரைச் சுட்டுக் கொன்றது ஃபிராங்கோவின் படை. கொல்லப்பட்ட அந்தக் குருக்களுக்காக மற்ற ஆயர்கள் உரக்கக் குரல் எழுப்பவில்லை.

1939 மே 20. மத்ரித் நகரின் சாந்தா பார்பரா ஆலயத்தில் ஃபிராங்கோ தன் வெற்றி வாளைக் கர்தினால் கோமாவின் முன் காணிக்கையாக வைத்தார். அதே கோமா சில மாதங்களில் மன்னிப்பைப் பற்றி ஒரு சுற்றுமடல் எழுதியபோது, அதைப் பரப்பவிடாமல் தடுத்தது ஃபிராங்கோ அரசு. வாளுக்கு ஆசி சொன்ன வாய்க்கே பூட்டு விழுந்தது.

அதன் பிறகு, திருச்சபைக்கும் தோற்றவர்களுக்கும் இடையிலான பிளவு ஊர் ஊராக இறங்கியது. வேலைக்குப் போகவும் சிறையிலிருந்து வெளிவரவும் பங்குக் குருவின் நன்னடத்தைச் சான்று தேவைப்பட்டது. தோற்ற தரப்புக் குடும்பத்துப் பெண், கணவனைச் சுட்டவர்களுக்காகப் பூசை வைத்த அதே சாமியாரிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். தேவாலயச் சுவர்களில் கடவுளுக்காகவும் ஸ்பெயினுக்காகவும் மடிந்தவர்கள் என்று பொறித்த பெயர்கள் வென்றவர்களுடையவை மட்டுமே. ஞாயிறுதோறும் அந்தச் சுவரைக் கடந்து உள்ளே போன தோற்றவர்களின் பிள்ளைகளுக்குக் குருக்கள் மீது எப்படி நம்பிக்கை வரும்?

1953-ல் வத்திக்கானுடன் ஒப்பந்தம் வந்தது. ஆயர் நியமனத்தில் ஃபிராங்கோவின் கை ஓங்கியே இருந்தது. ஆனால், இளைய குருக்கள் தொழிலாளர் பக்கம் சாய்ந்தார்கள். அவர்களில் சிலரை அடைப்பதற்கென்றே சமோரா சிறையில் தனிப் பகுதி ஒதுக்கினார் 'திருச்சபையின் காவலர்' ஃபிராங்கோ.

1971 செப்டம்பரில் ஆயர்களும் குருக்களும் ஒன்றாகக் கூடிய பேரவையில் ஒரு தீர்மானம் வந்தது: போரில் பிளவுபட்ட மக்களிடையே சமாதானம் செய்யத் தவறியதற்காக மன்னிப்புக் கேட்பது. பெரும்பான்மை ஆதரித்தது. தேவைப்பட்ட மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. தீர்மானம் தோற்றது. என் பார்வையில், 1937-ன் கடிதத்தைத் திருத்திக்கொள்ளக் கிடைத்த ஆகச் சிறந்த வாய்ப்பு அது. திருச்சபையின் இந்த மனமாற்றத்தை முன்னின்று நடத்திய கர்தினால் தரான்கோனைச் சுட்டுக் கொல்ல வேண்டும் என்று 1973-ல் ஃபிராங்கோ ஆதரவாளர்கள் தெருவில் கூவினார்கள்.

ஃபிராங்கோ 1975 நவம்பர் 20 அன்று இறந்தார். எந்த மதமும் அரசு மதமல்ல என்று 1978-ன் அரசியல் சாசனம் அறிவித்தது. விடால் அதைக் காணவில்லை. ஃபிராங்கோ நாடு திரும்பவிடாததால், 1943-லேயே சுவிட்சர்லாந்தில் அகதியாக இறந்துபோயிருந்தார்.