கண்ணாடிக்குப் பின்னால் ஒரு காது



ஒரு பாட்டு நிலைச்சு நிற்கக் காரணம் பாடுறவரா, பின்னால நிற்கிறவரா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் வந்தார். "பீட்டில்ஸ் பாடின 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்'டைக் கேளுங்க, அது முழுக்க ஜான் லெனன் தொண்டை, வேறு யாருக்கு அதில் பங்கு?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிட்டுப் போயிட்டார். ஐயா, நீங்க சொன்னது பாதிக் கதை.

1963 பிப்ரவரி 11. லண்டன் அபே ரோட்டில் இருந்த இ.எம்.ஐ. ஸ்டுடியோ. காலை 10 மணிக்கு வேலை ஆரம்பம். முதல் ஆல்பம். அதுக்கு வேண்டிய 10 பாட்டை ஒரே நாளில் முடிச்சாகணும். லெனனுக்கோ சரியான ஜலதோஷம். தொண்டைக்கு மாத்திரையைச் சப்பிக்கிட்டு, நடுநடுவே பாலைக் குடிச்சுக்கிட்டுப் பாடுறார். (சிரிப்பு) தாய்மார்கள் ஏன் சிரிக்கிறாங்கன்னு தெரியுது. மஞ்சளும் மிளகும் போடாம சளிக்காரனுக்கு நம்ம வீட்டில் பால் கொடுப்பாங்களா?

ராத்திரி 10 மணி ஆயிடுச்சு. பாக்கி இந்த ஒரு பாட்டுதான். அடித்தொண்டையிலிருந்து கத்த வேண்டிய பாட்டு. சட்டையைக் கழற்றிப் போட்டுட்டுப் பாடினார் மனுஷன். ஒரே தடவை! இன்றைக்கும் நாம கேட்கிறது அதுதான். இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தாங்க, குரலே வரலை.

அந்தப் பாட்டைக் கடைசிக்குத் தள்ளி வைத்தது யாருங்க? தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். இது தொண்டையைக் கிழிச்சிடும்னு அவருக்குத் தெரியும். காலையிலேயே பாட விட்டிருந்தா மற்ற பாட்டெல்லாம் போச்சு. பாயசத்தை எப்ப இறக்கணும்னு பந்தி விசாரிக்கிறவருக்குத்தானே தெரியும்! (கைதட்டல்)

தொண்டை லெனனுடையதுதான், நான் மறுக்கலை. மார்ட்டின் கத்தியிருந்தா யாரு கேட்டிருப்பா?

இன்னொண்ணு. 1966 கடைசியில் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்'. அதை இரண்டு விதமா பதிவு பண்ணி வச்சிருந்தாங்க. ஒண்ணு மெதுவா, மென்மையா. இன்னொண்ணு வேகமா, டிரம்பெட், செல்லோவோடு. லெனன் வந்து, "முதல்ல இதுவும் பின்னால அதுவும் நல்லாயிருக்கு, சேர்த்துடுங்க" என்கிற மாதிரி சொல்லிட்டார். இரண்டுக்கும் சுருதியும் வேறே, வேகமும் வேறே! இந்த ஜாதகத்துக்கு எந்த ஜோசியர் பொருத்தம் பார்ப்பார்? (சிரிப்பு)

கம்ப்யூட்டர் கிடையாது. மார்ட்டினும், 21 வயசுப் பொறியாளர் ஜெஃப் எமெரிக்கும் டிசம்பர் 22-ந் தேதி உட்கார்ந்தாங்க. மெதுவானதைக் கொஞ்சம் வேகமா ஓட்டினாங்க, வேகமானதைக் கொஞ்சம் மெதுவாக்கினாங்க. டேப்பின் வேகம் கூடினா சுருதியும் ஏறும், குறைஞ்சா இறங்கும் இல்லையா? இரண்டும் ஓரிடத்தில் வந்து சேர்ந்தது. அங்கே வெட்டி ஒட்டிட்டாங்க. பாட்டு ஆரம்பிச்சுச் சுமார் ஒரு நிமிஷத்தில் அந்த ஒட்டு வருது. யாராவது சொல்லாம நமக்குத் தெரியாது.

இதை நான் ஏன் இவ்வளவு பிடிவாதமா பேசுறேன்? எங்க அப்பா கிராமத்தில் மைக்செட் வச்சிருந்தார். கல்யாணம், கோயில் கொடை எல்லாத்துக்கும் போவார். பாடுறவருக்கு மாலை விழும். அப்பா ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, திருகில் கை வச்சபடி பாடுறவர் வாயையே பார்த்துக்கிட்டிருப்பார். மைக் 'கீ...'ன்னு கத்தினால் மட்டும் கூட்டம் மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்க்கும். அந்த ஒரு நிமிஷம்தான் அவர் ஊருக்குத் தெரிஞ்சவர். (பலத்த கைதட்டல்)

எதிரணி நண்பரே, உங்கள் பேச்சு கடைசி வரிசை வரைக்கும் தெளிவாக் கேட்டுதே, அந்த மூலையில் ஹெட்போன் போட்டுக்கிட்டு ஒருத்தர் நிற்கிறார், அவர் பேரைக் கேட்டீங்களா? நானும் இன்னும் கேட்கலை. நடுவர் மணி அடிச்சுட்டார், இறங்கி முதல் வேலையாக் கேட்டுட்டு வர்றேன்.