இந்தியாவில் வளரிளம் பருவத்தினரின் புகையிலைப் பழக்கமும் அரசுச் சட்டங்களும்

இந்தியாவின் முதல் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டமான 1975ஆம் ஆண்டு சிகரெட் சட்டம், பெட்டியில் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியதோடு நின்றது. ஏழை வீட்டுப் பிள்ளைகளின் கைக்கு முதலில் எட்டும் பீடியும் வாய்ப் புகையிலையும் அதன் வரம்புக்குள் வரவில்லை.

சிறுவர்களைக் கருத்தில் கொண்டது 2003ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான். அதன் 6ஆம் பிரிவு 18 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலை விற்பதையும், கல்வி நிலையங்களிலிருந்து 100 கஜ தூரத்துக்குள் விற்பதையும் தடுத்தது. நோக்கம் சரியானது, தண்டனையோ அதிகபட்சம் 200 ரூபாய் அபராதம். பள்ளி வாசலில் கடை வைத்திருப்பவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் சிறுவர்களுக்குப் புகையிலை கொடுக்கும் குற்றத்துக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளித்தது.

அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்த காலத்தில், 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைபிடிப்பது தடைசெய்யப்பட்டது. 2009இல் பெட்டிகளில் எச்சரிக்கைப் படங்கள் வந்தன. 2016இல் அவை பெட்டிப் பரப்பில் 85 விழுக்காட்டை நிறைத்தன. ஆனால் சிறுவன் பெட்டியாக வாங்குவதில்லை. பெட்டிக்கடையில் ஒற்றை சிகரெட் கேட்கிறான். படம் கடைக்காரரிடமே தங்கிவிடுகிறது. வரி உயர்வின் சுமையும் உதிரி விற்பனையில் கரைந்துபோகிறது. இதை உணர்ந்து மகாராஷ்டிரம் 2020இல் உதிரி விற்பனையைத் தடைசெய்தது. பீடியின் மலிவு இன்னொரு ஓட்டை: 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது சிகரெட்டுக்கு விதித்த கூடுதல் தீர்வை பீடிக்கு விதிக்கப்படவில்லை.

சிகரெட், பீடிக்கு அப்பால், மின் சிகரெட்டும் 2019இல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது.

உலக இளையோர் புகையிலை ஆய்வின்படி, 13 முதல் 15 வயது வரையிலான மாணவர்களில் புகையிலை பயன்படுத்துவோர் 2009இல் 14.6 விழுக்காடு, 2019இல் 8.5 விழுக்காடு. சட்டங்கள் வீண்போகவில்லை என்பதற்கு இதுவே சான்று. ஆயினும் 2019 ஆய்வு காட்டிய தொடக்க வயது கவலைக்குரியது: சிகரெட்டுக்கு 11.5, பீடிக்கு 10.5, வாய்ப் புகையிலைக்கு 9.9.

அந்த வாய்ப் புகையிலையோடுதான் தமிழ்நாடு நெடுங்காலமாகப் போராடிவருகிறது. குட்காவுக்கு 2001இல் விதித்த தடை நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2013இல் மாநில அரசு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடையை மீண்டும் விதித்து, ஆண்டுதோறும் நீட்டித்தது. அதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் ரத்து செய்ய, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது.