மலையகத்தில் நெடுந்தூரச் சைக்கிளோட்ட உணவு

இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பாதைகளில் பல மணி நேரம் சைக்கிள் ஓட்டுவோர், உடலின் சக்தி வற்றிப்போகாமல் இருக்கப் பயணத்துக்கு முன்னும் இடையிலும் பின்னும் உண்ணும் உணவு பற்றியது இக்கட்டுரை. நுவரெலியா, ஹட்டன் வட்டாரங்களில் இதற்குத் தேவையானவை பெரும்பாலும் லயம் எனப்படும் தோட்டக் குடியிருப்பின் அடுப்பிலும் வீதியோரத் தேத்தண்ணிக் கடையிலுமே கிடைக்கின்றன: தேங்காய் ரொட்டி, வாழைப்பழம், கித்துள் கருப்பட்டி, அவித்த கிழங்கு, சீனி போட்ட பிளேன்டீ (பாலில்லாத் தேநீர்). இவற்றில் எதை எந்த நேரத்தில் உண்பது என்பதே முக்கியம்.

பாதைகளும் உயரமும்

மலையகத்துக்கு ஏறும் தார்வீதிகளில் இரண்டு முதன்மையானவை. ஏ-7 வீதி அவிசாவளையில் தொடங்கி கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா வழியாக ஏறத்தாழ 120 கிலோமீட்டர் ஓடி நுவரெலியாவை அடைகிறது. ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீட்டர். ஹட்டனோடு ஏற்றம் முடிந்துவிடுவதில்லை. தலவாக்கலைக்கு இறங்கிய பிறகு மறுபடி ஏறவேண்டும். இரண்டாவதான ஏ-5 வீதி பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை வழியாகச் செல்கிறது. புறப்படும் இடம் ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் என்பதால், நுவரெலியாவை எட்ட 1,300 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும்.

இவற்றோடு, ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களாக 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பீக்கோ பாதையும் உண்டு. நடப்போருக்காக அமைந்த இதில் சைக்கிளிலும் செல்கிறார்கள். பழைய தோட்டப் பாதைகளை இணைத்துச் செல்வதால், இதில் சில இடங்களில் நெடுந்தூரத்துக்குக் கடை தென்படாது.

சக்தியின் கணக்கு

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று கொண்டால், 1,000 மீட்டர் உயர்வதற்கு மட்டும் 785 கிலோஜூல் வேலை செய்யவேண்டும். உண்ட உணவின் சக்தியில் 20 முதல் 25 சதவீதமே மிதியில் சேர்கிறது. மீதி வெப்பமாகப் போய்விடுகிறது. ஆகவே அந்த ஏற்றத்துக்கு உடல் 750 முதல் 940 கிலோகலோரி வரை செலவிடும். காற்றின் எதிர்ப்பும் சில்லின் உராய்வும் இதில் சேரவில்லை. பேராதனையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்பவர் ஏற்றத்துக்கு மட்டுமே 1,000 கிலோகலோரிக்கு மேல் எரிக்கிறார்.

இந்தச் சக்திக்கு இரண்டு இருப்புகள் உண்டு. கொழுப்பு ஏராளமாக இருந்தாலும் மெதுவாகவே எரியும். செங்குத்தான ஏற்றத்தில் தசை பெரிதும் நம்பியிருப்பது கிளைக்கோசன் என்னும் மாச்சத்து இருப்பையே. தசைகளிலும் ஈரலிலும் சேர்த்து அது 400 முதல் 500 கிராம், அதாவது 1,600 முதல் 2,000 கிலோகலோரி அளவே இருக்கும். கடுமையாக மிதித்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் அது அடிமட்டத்துக்கு வந்துவிடும். அப்போது கால் கனக்கும், கை நடுங்கும், தலை சுற்றும், காரணமில்லாமல் எரிச்சல் வரும்.

மாச்சத்து உண்டவர்கள் கூடுதல் நேரம் மிதிக்க முடிகிறது என்பதை 1939இல் கிறிஸ்டென்சன், ஹான்சன் என்ற ஆய்வாளர்கள் காட்டினர். 1966இல் சுவீடனின் பெர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் இருவரும் தங்களையே ஆய்வுக்கு உட்படுத்தி, ஒற்றைக் காலால் நிலைச் சைக்கிளை மிதித்தனர். பிறகு மாச்சத்து மிகுந்த உணவை உண்டபோது, உழைத்த காலில் மட்டும் கிளைக்கோசன் முன்பிருந்ததைவிட மிகுதியாகச் சேர்ந்தது.

பயணத்துக்கு முன்

இரவு உறக்கத்தில் ஈரலின் இருப்பு பெரிதும் குறைந்துவிடுகிறது. வெறும் வயிற்றில் ஒரு பிளேன்டீயை மட்டும் குடித்துவிட்டு ஏற்றம் தொடங்குவது அதனால்தான் ஆகாது. புறப்படுவதற்கு 1 முதல் 4 மணி நேரம் முன்பு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 4 கிராம் மாச்சத்து உண்பது பொதுவான பரிந்துரை. நேரம் குறையக் குறைய அளவையும் குறைக்கவேண்டும்.

இந்த வேளைக்குத் தேங்காய் ரொட்டி நன்கு பொருந்தும். கோதுமை மாவில் துருவிய தேங்காயும் உப்பும் சேர்த்து, வெந்நீர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கையால் தட்டித் தடிப்பாகச் சுடுவார்கள். 100 கிராம் மாவில் ஏறத்தாழ 76 கிராம் மாச்சத்து இருக்கிறது. தேங்காயின் எடையில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. அது செரிமானத்தைத் தாமதப்படுத்திப் பசியைத் தள்ளிப்போடும். விடியற்காலையில் நன்மை தரும் இந்தக் குணமே ஏற்றத்தின் நடுவில் வயிற்றுப் பாரமாக மாறும். தொட்டுக்கொள்ளப் பருப்பு நல்லது. கட்டச் சம்பலை அளவோடு நிறுத்தாவிட்டால், குனிந்து மிதிக்கும்போது நெஞ்செரிச்சல் வரும்.

பயணத்தின்போது

ஒரு மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து உண்ணலாம். இரண்டரை மணி நேரத்துக்கு மேற்பட்டால் 90 கிராம் வரை போகலாம்; ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. குடல் குளுக்கோசை மணிக்கு ஏறக்குறைய 60 கிராமுக்கு மேல் உறிஞ்சாது. பழங்களில் உள்ள புரக்டோசு வேறு வாயில் வழியாக உள்ளே செல்வதால், இரண்டும் கலந்திருந்தால்தான் கூடுதல் அளவு பயன்படும். கித்துள் கருப்பட்டியின் பெரும்பகுதி சுக்ரோசு; அது செரிக்கும்போது குளுக்கோசும் புரக்டோசும் சரிபாதியாகப் பிரிகின்றன. உள்ளங்கையில் ஒரு துண்டுக் கருப்பட்டியை வைத்துக் கடித்துக்கொண்டே சீனியில்லாத பிளேன்டீ குடிப்பது இப்பகுதியின் பழைய வழக்கம். அதுவே சைக்கிளோட்டிக்கும் தகுந்த இடைவேளை உணவு.

கடைகளில் கிடைப்பனவற்றின் மாச்சத்து, தோராயமாக:

- நடுத்தர வாழைப்பழம் ஒன்று: 25 கிராம். சிறிய பழமானால் அதில் பாதி.
- கித்துள் கருப்பட்டி, 25 கிராம் துண்டு: 20 கிராமுக்குச் சற்று மேல்.
- அவித்த உருளைக்கிழங்கு, 150 கிராம்: 30 கிராம்.
- அவித்த மரவள்ளி, 100 கிராம்: 30 கிராமுக்கு மேல்.
- வெறும் பணிஸ், 60 கிராம்: 30 கிராம்.
- மாரி பிஸ்கட் நான்கு: 20 கிராம்.
- இரண்டு தேக்கரண்டி சீனி போட்ட பிளேன்டீ: 8 முதல் 10 கிராம்.

உருளைக்கிழங்கு நுவரெலியாவில் விளையும் பயிர். 2019இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயிற்சி பெற்ற 12 சைக்கிளோட்டிகளைச் சோதித்தபோது, கிழங்கு மசியல் உண்டவர்களின் வேகம் விலையுயர்ந்த சக்திக் களி (ஜெல்) உண்டவர்களின் வேகத்துக்கு ஈடாகவே இருந்தது. வயிற்று உப்புசம் மட்டும் கிழங்கில் சற்றுக் கூடுதல். உப்பிட்டு அவித்த சிறு கிழங்குகளைச் சட்டைப் பையில் கொண்டுபோவது எளிது.

கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருக்கும் வடை, ரோல்ஸ், கட்லட் ஆகியவற்றையும் கொத்து ரொட்டியையும் பயணம் முடியும்வரை ஒத்திவைப்பது நல்லது. அவற்றின் எண்ணெய் இரைப்பையில் நெடுநேரம் தங்கும்.

நீரும் உப்பும்

கித்துல்கலவின் புழுக்கத்தில் வியர்ப்பவருக்கு, சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியசான நுவரெலியாவின் குளிரில் தாகமே எடுக்காது. ஆனால் ஏற்றத்தில் வியர்வை நிற்பதில்லை. மணிக்கு 400 முதல் 800 மில்லிலீற்றர் பெரும்பாலோருக்குப் போதும். உப்பில்லாத நீரை அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகலாம்.

மருந்துக்கடைகளில் கிடைக்கும் ஜீவனி போன்ற வாய்வழி நீரேற்றக் கரைசலைச் சிலர் சக்தி பானமாக எண்ணுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வாய்பாட்டில் ஒரு லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோசுதான் உள்ளது; ஒரு வாழைப்பழத்துக்குக்கூட அது ஈடாகாது. இழந்த நீரையும் உப்பையும் அது ஈடுசெய்யும்; பசியை ஈடுசெய்யாது. தேயிலைச் சரிவுகளில் ஓடிவரும் ஓடை நீரில் தோட்ட இரசாயனங்களும் கழிவுகளும் கலந்திருக்கக்கூடும் என்பதால், எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அதைக் குடிக்கக்கூடாது.

பயணத்துக்குப் பின்

மறுநாளும் ஓட்டம் உண்டென்றால், முதல் நான்கு மணி நேரத்தில் உடல் எடைக் கிலோவுக்கு மணிக்கு 1 முதல் 1.2 கிராம் மாச்சத்தும், தசையைச் சீர்செய்ய ஒரு வேளைக்கு 20 முதல் 25 கிராம் புரதமும் தேவை. சோறு, பருப்பு, முட்டை, நெத்தலிக் கருவாடு ஆகியவை இதற்குப் போதும். எருமைத் தயிரில் கித்துள் பாணி ஊற்றி உண்டால் நீர், மாச்சத்து, புரதம் மூன்றும் ஒரே சட்டியில் கிடைக்கும்.

தோட்டத்து உணவுப் பின்னணி

தொடக்கக் காலத்தில் தோட்டத் தொழிலாளரின் முதன்மை உணவு அரிசி. 1942இல் பர்மா ஜப்பானியரிடம் வீழ்ந்து அரிசி வரத்து சுருங்கியபோது, பங்கீட்டில் கோதுமை மா இடம்பிடித்தது. காலையில் சுட்டு மலைக்குக் கொண்டுபோகலாம், ஆறினாலும் கெடாது என்பதால் ரொட்டி நிலைத்துவிட்டது. சரிவில் கொழுந்து பறிப்பவரின் நாளும் சைக்கிளோட்டியின் நாளும் நெடுநேர உடலுழைப்பு என்ற வகையில் ஒன்றே.

ஆனால் ஒருநாள் ஏற்றத்துக்குப் போதுமான உணவு, ஆயுள் முழுவதற்கும் போதுமானதாகிவிடாது. 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார அளவாய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாட்டளவில் ஏறத்தாழ 17 சதவீதம்; தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 சதவீதம். ரொட்டியும் இனிப்புத் தேத்தண்ணியும் சக்தி தருகின்றன. வளர்ச்சிக்கு வேண்டிய புரதமும் இரும்பும் அவற்றில் போதுமான அளவு இல்லை.

நடைமுறைக் குறிப்பு

நீரிழிவு உள்ளவர்கள் மேற்கண்ட அளவுகளைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டே பின்பற்றவேண்டும். மற்றவர்கள் பசிக்கும்வரை காத்திராமல், 20 நிமிடத்துக்கு ஒருமுறை சிறிதளவு உண்பது நல்லது. கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை போன்ற கடைவீதிகளில் பையை நிரப்பிக்கொண்டு தோட்டப் பாதைக்குள் இறங்குங்கள். உள்ளே போன பிறகு அடுத்த கடை எத்தனை வளைவு தள்ளி இருக்கும் என்று சொல்ல முடியாது.