கரும்புச்சாற்று ரம்

கரும்புச்சாற்று ரம்: சர்க்கரை ஆலையில் எஞ்சும் கழிவுப்பாகிலிருந்து அல்லாமல், பச்சைக் கரும்புச்சாற்றையே நொதிக்கவைத்து வடிக்கும் மதுவகை. பிரெஞ்சில் 'ரம் அக்ரிகோல்'. கரீபியத் தீவான மார்த்தினிக்கில் சிறந்து விளங்குகிறது. 1996இல் பிரெஞ்சு அரசின் தோற்றக் கட்டுப்பாட்டுச் சான்று பெற்றது. வெட்டிய கரும்பு விரைவில் புளிக்குமாதலால் தாமதமின்றிப் பிழிவர். வெள்ளை ரம்மில் பச்சைப்புல், கரும்புத்தோகை மணம் தூக்கலாயிருக்கும். ஓக் பீப்பாயில் மூன்றாண்டேனும் முதிர்ந்தது 'வியூ'. எலுமிச்சைத் துண்டும் கரும்புப் பாகும் சேர்த்து அருந்துவது தீவு வழக்கம். 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின், 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியே கொண்டுசெல்லப்பட்ட தமிழ் ஒப்பந்தக் கூலிகள் அக்கரும்புத் தோட்டங்களில் உழைத்தனர். இந்த ரம்மின் வரலாற்றில் அவர்களுக்கு உரிய இடம் தரப்பட வேண்டும். தமிழகத்திலோ, நாமக்கல் மாவட்டத்தின் பரமத்தி வேலூர் வட்டாரக் கரும்புச்சாறு வெல்லமாகக் காய்ச்சப்படுகிறது.